இரும்புக்கு ஜாமீன்

நம்மிடையே இரும்புக்கு ஜாமீன் நிற்கும் ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேட், பீரோ, தண்ணீர் டேங்க், ஏர்பேடு போகும் பஸ்ஸின் விலாப்புறம் என்று எது எதிர்ப்பட்டாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு, கண்ணை மூடிக் காது கொடுத்து ஒரு கேட்பு, பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "எய்ட் எம்எம் கனம். துப்பாக்கியால சுட்டாலும் பூராது" என்று ஒரு தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவர் எத்தனை துப்பாக்கி பார்த்திருக்கிறார்? ஒன்று. தீபாவளித் துப்பாக்கி.

சத்தியவேடு பக்கம் ஒரு கல்குவாரியில் மேஸ்திரியாக இருக்கும் தணிகாசலம் இந்த இனத்தின் மாணிக்கம். திருப்பதி இரும்புக் கடையில் மூன்று மாதம் வேலை பார்த்தவர். படிப்பு அவ்வளவுதான், பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது. வெடி வைக்கும்போது பறந்து வரும் கல்லுக்கு மறைவாக, கூலிப் பெண்கள் நிற்பதற்கு ஓர் இரும்புத் தகட்டை அவர்தான் நட்டுவைத்தார். தட்டினார். தோள் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

"சாஞ்சிக்கினு நில்லுங்கம்மே! ஏமீ காது, ஒண்ணும் ஆவாது!"

ஐயா, தோள் மெதுவாகத் தள்ளும். முழுத் தகடும் கூடிச் சுமக்கும். வெடித்த கல் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். ஓரங்களுக்குச் சேதி போய்ச் சேருமுன் பட்ட இடம் தனியாக மாட்டிக்கொண்டு பின்பக்கம் பிதுங்கிவிடும். இதை அவரிடம் யார் சொல்வது?

இந்திராணி சொன்னாள். அங்கே ஜல்லி உடைப்பவள். போன வாரம் தகட்டில் பட்ட கல்லடியைப் பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தவள்.

"இன்னாண்ணா, முன்னால பள்ளம், பின்னால பொடச்சிக்கினு நிக்குது. எங்க முதுகு அங்கதான இருக்கும்?"

"ஓட்டை வுழுந்துதா? இல்லல்ல? பேசாம சாயி!"

அவள் சாயவில்லை. தகட்டில் சாய்ந்திருந்த சுலோச்சனாவையும் கையைப் பிடித்து இழுத்து தகட்டுக்குப் பின்னாலேயே ஒரு முழம் தள்ளி நிறுத்திக்கொண்டாள். விசில் ஊதியது. வெடித்தது. டங்! சற்றுமுன் சுலோச்சனாவின் முதுகு இருந்த இடத்தில் தகடு ஒரு கைப்பிடி அளவுக்குத் துருத்திக்கொண்டு, பெயின்ட் உதிர்ந்து நின்றது.

நிபுணர் ஓடி வந்தார். எங்கிருந்து? அரை கிலோமீட்டர் தள்ளி, தார் ரோட்டிலிருந்து. வந்ததும் முன்பக்கத்தை மட்டும் குனிந்து ஆராய்ந்தார், முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? ஓட்டை இல்ல! நான் சொன்னேன்ல!"

"அடுத்த வெடிக்கு நீ வந்து சாய்ண்ணா" என்றாள் இந்திராணி.

"எனக்கு ரோட்ல வேலை கீது."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள்: கடைசியாக யாரிடமோ "தைரியமா இறங்குங்க, நான் இருக்கேன்" என்றீர்களே, அப்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?