பெண் பார்க்கப் போய் எஞ்சின் பார்த்த கதை

என் மனைவியை முதன்முதலில் பார்க்கப் போன அன்று நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் வீட்டு எஞ்சினைத்தான் பார்த்தேன். அதையும் சரியாகப் பார்க்கவில்லை என்பது சற்று நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

பழி என் தாய்மாமன் அந்தோணியுடையது. தங்கவயலில் ஒரு சுரங்கத்து எஞ்சின் கொட்டகையை ஒட்டிய அறையில், துரை எழுதும் கடிதங்களை நகல் எடுப்பது என் உத்தியோகம். எஞ்சினை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். (எஞ்சினும் என்னைப் பார்த்திருக்கலாம். பேசிக்கொண்டதில்லை.) மாமாவோ பெண் வீட்டில், "பையன் எஞ்சின்லயே கீறான்" என்று சொல்லிவைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. ஞானம்மா என்ற அந்தப் பெண்ணைக் கோயிலில் தூரத்திலிருந்து பார்த்த நாள் முதல், எதையும் மறுக்கும் நிலையில் நான் இல்லை.

பெண்ணின் அப்பா சவரிமுத்து மாரிகுப்பத்தில் சோடா கம்பெனி வைத்திருந்தார். ஊர் திரும்பிய ஒரு துரையின் ஏலத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்து, சோடா மெஷினோடு வார் போட்டு இணைத்திருந்தார். காபி ஆறுவதற்குள் என்னை அதன் முன்னால் நிறுத்திவிட்டார்.

"இன்னா வியாதின்னு பாருங்க தம்பி. கை ஒடியச் சுத்தினாத்தான் புடிக்குது. புடிச்சிட்டா, வேகத்தைக் கொறைச்சாலும் பேய் மாதிரி ஓடுது."

எஞ்சினை நாடி பார்ப்பதுபோல் தொட்டேன். "பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதுங்க. கொறைச்சா அடங்கிடும்" என்றேன்.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! எஞ்சினுக்குத்தான் அப்படிப் படவில்லை. ஒரு திருகைத் திருகிவிட்டுச் சுற்றினேன், சுற்றினேன், மாப்பிள்ளைச் சட்டை முதுகில் கிழியும் வரை சுற்றினேன். பிடித்தது. முன்னைவிட இரண்டு மடங்கு அலறியது. வார் கழன்று பறந்து கோலி சோடாப் பெட்டி மேல் விழ, பாட்டில்கள் வரிசையாக வெடித்தன. அந்தோணி மாமா மேசைக்கடியில் புகுந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க தம்பி!"

"எப்படிங்க?" என்றேன். (எஞ்சின் ஆள் கேட்கக்கூடாத கேள்வி.)

பட்டுச் சேலையோடு ஓடி வந்த ஞானம்மா, ஒரு மரக்கட்டையால் தீப்பொறி பிளக்குக்குப் போகும் ஒயரைத் தட்டிவிட்டாள். எஞ்சின் நின்றது.

"பொம்பளைக்கு இன்னா தெரியும்னு என்னை மட்டும் கிட்ட வுடலியே. இப்ப வுடறீங்களாப்பா?"

சோடா மெஷினில் கேஸ் கசிகிறதா என்று மூட்டுக்கு மூட்டு சவுக்கார நுரை தடவிப் பார்ப்பது அவளுடைய தினசரி வேலை. அதே நுரையை எஞ்சினின் அடிப்பெட்டி மூடியைச் சுற்றித் தடவினாள்.

"மெதுவா சுத்துங்க."

சுற்றினேன். மூடியின் ஓரத்தில் ஒரு குமிழி உப்பியது, உள்ளே போயிற்று, மறுபடி உப்பியது.

"பாருங்க, காத்து திருட்டு வழில நுழையுது. உள்ள பெட்ரோல் நீர்த்துப் போவுது, அதான் புடிக்க மாட்டேங்குது. புடிச்சப்புறம் நீங்க காத்து வர்ற வாசலை மூடினாலும் இந்தச் சந்துல காத்து வருது, அதான் அடங்க மாட்டேங்குது. இதுல நீங்க பெட்ரோலை வேற கொறைச்சிட்டீங்க. நல்ல வைத்தியம்!"

இரண்டு வியாதிக்கும் ஒரே ஓட்டை! எங்கள் துரை பத்துக் கடிதம் எழுதி, நான் பத்தையும் நகல் எடுத்து, அப்புறமும் தெரிந்திருக்காத விஷயம். வெட்கப்பட வேண்டிய நேரத்தில் நான் வாயைப் பிளந்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் நட்டுகளைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள். இரு கைகளையும் குவித்து வாங்கிக்கொண்டேன். மூடிக்கடியில் காற்றை அடைக்க வைத்திருந்த, இற்றுப்போன பழைய அட்டையை எடுத்துவிட்டு, புது அட்டை வெட்டி எண்ணெயில் தோய்த்து வைத்தாள். நட்டுகளை முடுக்கினாள். நான் திருகிவைத்த திருகையும் பழைய இடத்துக்குத் திருப்பினாள். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி நிதானமாக ஓடியது.

இதற்குமேல் பொய்யோடு நிற்க என்னால் முடியவில்லை. "எனக்கு எஞ்சின் தெரியாதுங்க. கடுதாசி நகல் எடுக்கிற வேலை" என்றேன். மேசைக்கடியில் ஜெபம் நின்றது.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். உடைந்த பாட்டில்களைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?"

ஞானம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு நட்டு கூட கீழ போடலப்பா. போதும்."

ஆயிற்று, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். என்னைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால் என் பிள்ளைகள் இன்றும் குறுக்கிட்டு, "ஆமாங்க, எங்கப்பா நட்டைக் கீழ போட மாட்டாரு" என்கிறார்கள். வந்தவர்கள் அதை ஏதோ பெரிய பட்டம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். நானும் மறுப்பதில்லை.