சிவப்பு பேட் தீர்மானம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் கொண்டாடுகிறது. அதை நிறுத்துவது எப்படி என்று கூட்டம் போட்டவர்களை யாரும் கொண்டாடவில்லை. மனித குலத்தின் இந்த நன்றிகெட்டத்தனத்தைப் பொறுக்க முடியாமல்தான் லோமா ஆல்ட்டா மோட்டோகோஞ்சோ ஓட்டுநர் சங்கத்தின் சாதனையை எழுத முன்வந்திருக்கிறேன். நான் அந்தச் சங்கத்தின் கொள்கை பரப்புச் செயலாளர். சவாரி கிடைக்காத நேரத்தில் கொள்கை பரப்புவேன். நிறையவே பரப்பியிருக்கிறேன்.

எங்கள் தீவில் பைக் டாக்சிக்கு மோட்டோகோஞ்சோ என்று பெயர். எங்கள் ஸ்டாண்டு மலை உச்சியில், ஒரு பாதாம் மரத்தடியில் இருக்கிறது. சந்தை, ஆஸ்பத்திரி, கல்லறை எல்லாம் கீழே. நடுவில் ஒரே சரிவு. பைக்கின் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்குவதுதான் எங்கள் தொழில். ஏறி உட்கார்ந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் பக்தி வளர்ந்ததில் பாதிரியாருக்குப் பாதிப் பங்குதான்.

உறுப்பினர் வில்கினின் முன்சக்கர பிரேக் பேட் தேய்ந்துபோனதில் தொடங்கியது கதை. இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். அவன் பிரேக் பிடித்தால் தெருநாய்கள் நின்றன, டோமினோ ஆட்டம் நின்றது, ஒரு கல்யாண ஊர்வலமே நின்றது. வண்டி மட்டும் நிற்கவில்லை.

"டவுனுக்குப் போய் கம்பெனி பேட் ஒண்ணு வாங்கி மாட்டிட்டு வந்துடறேன் தலைவரே" என்று கிளம்பினான்.

தலைவர் டான் ராதாமேஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோப்பையை வைத்தால் கூட்டம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

"நீ பாட்டுக்கு வாங்கிடுவியா? அப்புறம் எதுக்குடா சங்கம்?"

"பிரேக் பிடிக்கல தலைவரே."

"பிடிக்கலைன்னா சங்கத்துல சொல்லு. எனக்கும் பலது பிடிக்கல. நான் என்ன கடைக்கா ஓடறேன்?"

உடனே 'பிரேக் பேட் தேர்வு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், பொருளாளர், நான் ஆகியோர் குழு. நடுநிலை வேண்டுமென்பதற்காக 'வெளி நிபுணர்' ஒருவரும் சேர்க்கப்பட்டார். அவர் தலைவரின் மைத்துனர் கூக்கி. உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்.

ஆய்வு அந்த மரத்தடியிலேயே நடந்தது. மேஜைமேல் இரண்டு பேட்கள். ஒன்று கம்பெனி பேட், கறுப்பு, பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. மற்றது கூக்கி கடைச் சரக்கு, செக்கச் சிவப்பு, மேலே தீப்பிழம்பு படம். பொருளாளர் இரண்டையும் முகர்ந்தார். தலைவர் கடித்துப் பார்த்தார். நான் மேஜையில் தட்டிப் பார்த்தேன். சிவப்பு, கோயில் மணிபோல் கணீரென்றது.

"இதுதான் இப்ப ரேஸ்காரங்க எல்லாம் போடறது" என்றார் கூக்கி. "கல்லு மாதிரி. தேயவே தேயாது."

"தேயாம எப்படிண்ணே பிடிக்கும்?" என்றான் வில்கின்.

"இதாம்பா உன்கிட்ட பிரச்சினை. எதையும் தப்பாவே பார்ப்ப. உன் ஆயுசு பூரா இது வரும்னு நான் உத்தரவாதம் தர்றேன், போதுமா?"

நியாயமான உத்தரவாதம். ஒரே பொருள் ஒருவரின் ஆயுள் முழுவதும் வருவதற்கு இரண்டு வழி உண்டு. எந்த வழி என்று கூக்கி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. பேட்டில் பிடிப்பு இருக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு ஜனநாயகத்தில் பிடிப்பு உண்டு. சங்கக் கொடி சிவப்பு, ஆகவே பேட்டும் சிவப்பு என்று நான் பேசிய பேச்சுக்குக் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. சிவப்பு பேட் மாட்டாத உறுப்பினருக்கு ஸ்டாண்டில் இடமில்லை என்று தீர்மானமும் போட்டோம்.

அன்று வில்கின் வீட்டில் நடந்த பேச்சு, பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் என் காதில் விழுந்தது. அவன் மனைவி யோக்காஸ்தாவின் குரலுக்குச் சுவர் தடையில்லை.

"கறுப்பையே வாங்கித் தொலையேன்!"

"ஸ்டாண்டுல நிக்க விடமாட்டாங்கடி. சவாரி இல்லாம என்ன பண்றது?"

"அந்த நாலு பேரும் சொன்னா நீ கிணத்துலயும் குதிப்பியா?"

"கிணறுன்னாகூட அடியில போய் நின்னுரலாம். இந்தச் சரிவுதான்..." என்றவன் முடிக்கவில்லை. பிறகு வாழைக்காய் வதங்கும் வாசனை மட்டும் வந்தது.

மறுநாள் சிவப்பு மாட்டினான். பின்னால் ஒரு கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். பிரேக் பிடித்தான். பழைய கிறீச்சல் அடியோடு போய்விட்டிருந்தது. சத்தமில்லாத, நாகரிகமான பிரேக். பிடிக்கவும் இல்லை. அடிவாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். வில்கின் வண்டியை ஒடித்து லாட்டரிக் கடைக்குள் விட்டான். சிலிண்டர் அறுத்துக்கொண்டு தனியாக உருண்டுபோய், போலீஸ் நிலைய வாசலில் சரியாக நின்றது. அன்று எங்கள் சங்கத்தின் சார்பில் ஒழுங்காக நின்றது அது ஒன்றுதான். வில்கினின் தொடை எலும்பு முறிந்தது. ஊர்க்காரர்கள் இடிந்த கடையைச் சுற்றி வரிசையில் நின்று அவன் வண்டி நம்பருக்கே லாட்டரி கட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தூதுக்குழு போயிற்று. காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"நீ பிரேக்கைப் பிடிச்ச முறை தப்பு" என்றார் தலைவர் பரிவோடு.

"வேற எப்படிப் பிடிக்கறது தலைவரே?"

"நம்பிக்கையோட பிடிக்கணும்."

யோக்காஸ்தா நாங்கள் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை வாங்கி, ஜன்னல் வழியாக வெளியே வீசினாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம். பிறகு கூக்கி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தோம். பேட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்பதால் அது நிரபராதி என்றும், குற்றம் சரிவின்மேல்தான் என்றும் முடிவாயிற்று. மலையைக் கொஞ்சம் தணித்துத் தரும்படி நகராட்சியைக் கேட்டிருக்கிறோம்.

வில்கின் கட்டிலில் கிடக்கும்போதே யோக்காஸ்தா ஒருநாள் ஸ்டாண்டுக்கு வந்தாள். கையில் ஸ்பேனர். யாரிடமும் பேசாமல் தலைவர் வண்டியின் முன்னால் குந்தி, சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"டான் ராதாமேஸ், இது என்ன கலரு?"

தலைவர் பாதாம் மரத்தின் கிளைகளை ஆராய்ந்தார்.

"கேக்கறேன்ல? கறுப்பா சிவப்பா?"

"அது... பழைய ஸ்டாக்கும்மா."

"பழசா? பளபளன்னு இருக்கு!" பொருளாளர் வண்டியைப் பார்த்தாள். கறுப்பு. கூக்கியின் வண்டியைப் பார்த்தாள். கறுப்பு. என் வண்டிப் பக்கம் திரும்பினாள். நான் சட்டையைக் கழற்றி முன்சக்கரத்தின்மேல் போர்த்தியிருந்தேன். வெயில் கொஞ்சம் அதிகம்.

"சட்டை போடாம நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

தலைவர் வண்டியின் போல்ட்டைக் கழற்றி, இரண்டு கறுப்பு பேட்களையும் எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், திருட்டும்மா இது!" என்றார் தலைவர்.

"போலீசைக் கூப்பிடுங்க. நான் இங்கயே நிக்கறேன். ஏன் கழட்டினேன்னு அவங்க கேப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

யாரும் கூப்பிடவில்லை. அவள் போய்விட்டாள். அவற்றை வில்கின் வண்டியில் மாட்டி, இப்போது அவளே சவாரி ஓட்டுகிறாள். எங்கள் ஸ்டாண்டில் அவளுக்கு இடமில்லை. ஆனால் சவாரிகள் எல்லாம் அவள் நிற்கும் இடத்தில்தான் போய் நிற்கின்றன.

அவள் பேட்களைக் கழற்றிக்கொண்டு போன அன்று மதியம் தலைவர் சாப்பிட வீட்டுக்குப் போயாக வேண்டும். வீடு அடிவாரத்தில். கூக்கி பாசத்தோடு பையிலிருந்து புதுச் சிவப்பு பேட் ஒன்றை எடுத்தார்.

"சும்மா வச்சுக்க மச்சான். நான் மாட்டி விடறேன்."

தலைவர் பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கினார்.

"உனக்கு மூளை இருக்கா? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சங்கத்தை எவன்டா பாக்கறது?"

கொளுத்தும் வெயிலில், வண்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தச் சரிவு முழுவதும் நடந்தே இறங்கினார். தொண்டர்களுக்காகத் தலைவர் படும் பாட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. சிவப்பு பேட் தீர்மானம் இன்றும் அமலில் இருக்கிறது. உறுப்பினர்கள் மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பாதுகாப்பில் எங்களை மிஞ்ச இந்தத் தீவில் சங்கம் கிடையாது. தொடங்கிய நாள்முதல் இதுவரை, நிர்வாகிகளில் ஒருவருக்குக்கூடச் சிராய்ப்பு ஏற்பட்டதில்லை.