மிஸ்ஸி வந்தபோது வீடு மட்டும்தான் இருந்தது

புரியாததைக் கேட்டால் தலையாட்டிவிடுவது என் வழக்கம். படித்தவள் என்பதால் கொஞ்சம் பலமாகவே ஆட்டுவேன். பிறகு வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி, இணையத்தில் தேடி, தேடியதையெல்லாம் படித்துப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பேன். சொன்னவரிடமே "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்த குற்றத்துக்காக என் குடும்பம் நான்கு வருடமாக என்னை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அப்போது மகள் நிலாவுக்கு இரண்டரை மாதம். சிகாமட்டில் அம்மா வீட்டில் பிள்ளை பெற்று, பத்தியம் முடித்து, மஸ்ஜித் தானாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கிளினிக்கில் குழந்தையை எடை போட்டவர் மிஸ்ஸி ரொஹானா. (எங்கள் பக்கம் நர்ஸ் என்று யாரும் சொல்வதில்லை, எல்லாரும் மிஸ்ஸிதான்.) அவர் மலாயில் மளமளவென்று சொன்னார்: எடை கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது, பந்தாவ் பண்ண வேண்டும். தேவைப்பட்டால் ருஜுக் பண்ணுவோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு லவாத்தான் வருகிறேன்.

நான் தலையாட்டினேன். மலாய் எனக்கு நன்றாகத் தெரியும். சொற்கள் எல்லாம் புரிந்தன. அவை ஏன் என் மேல் வந்து விழுகின்றன என்பதுதான் புரியவில்லை.

அன்று மத்தியானம் நோட்டில் இப்படி எழுதினேன்:

பந்தாவ்: கண்காணிப்பது. யாரைக் கண்காணிப்பார்கள்? சந்தேகம் உள்ளவர்களை.

ருஜுக்: வேறு இடத்துக்கு அனுப்பிவைப்பது. எந்த இடம்? யாரை?

லவாத்தான்: அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவது. பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால்?

மூன்றாவது கேள்விக்கு விடை தேடி இணையத்துக்குள் போனேன். ஏதோ ஒரு குளிர் நாட்டில், வீடு சரியில்லை என்று நலத்துறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன கதை கிடைத்தது. மஸ்ஜித் தானாவுக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

சிகாமட்டிலும் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார்தான். ஆனால் அது அம்மாவின் வீடு. அங்கே குறை கண்டுபிடிக்கும் துணிச்சல் எந்த அரசாங்கத்துக்கும் கிடையாது. எங்கள் தாமானுக்கு சுகாதார இலாகாவிலிருந்து வந்தவர்கள் ஒரே ஒரு ரகம்தான்: டெங்கிக் கொசு பார்க்க வருபவர்கள். டார்ச் அடித்துப் பூச்சட்டியைப் பார்ப்பார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார்கள், புழு இருந்தால் சம்மன். ஆகவே வீட்டுக்கு வந்து பார்ப்பது என்றால் வீட்டைப் பார்ப்பது. இதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

என் கணவர் சேகர் புதன்கிழமையே லீவு போட்டார். அவருடைய அக்கா சரசு (எனக்கும் அக்காதான்) அலோர் காஜாவிலிருந்து வந்து இறங்கினார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட எங்கள் குடும்பத்தில் இவ்வளவு நடந்ததில்லை. திரைச்சீலையைத் துவைத்தோம். பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்தோம். குளிர்பெட்டியில் கீரையை முன்னால் வைத்து ஐஸ்கிரீமைப் பின்னால் தள்ளினோம். குழந்தைத் துணிகளை நிறவாரியாக அடுக்கினேன். சரசு அக்கா கேசரியும் வடையும் செய்தார்.

வியாழக்கிழமை காலை வீடு பளபளத்தது. பொருந்தாமல் இருந்தது ஒரே ஒரு பொருள்தான்: நிலா. எட்டு மணியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். மூன்று சட்டையில் பால் கக்கினாள். மூன்றாவது, மிஸ்ஸிக்காகவே எடுத்து வைத்த சட்டை.

"மிஸ்ஸி வர நேரத்துல இப்படிக் கத்துனா, பிள்ளைய பட்டினி போடுறோம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க லா" என்றார் சரசு அக்கா. "கமலா ஆன்ட்டிகிட்ட கொடு. மிஸ்ஸி போனதும் வாங்கிக்கலாம்."

கமலா ஆன்ட்டி பக்கத்து வீடு. நிலா கார் ஓடினால்தான் தூங்குவாள் என்பது அவருக்கும் தெரியும். "அங்கிளோட ஒரு ரவுண்டு போயிட்டு வரோம்மா, நீ கவலப்படாத" என்றார். பேபி சீட்டை நானே அவர்கள் காரில் பொருத்தி, வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, கையசைத்து அனுப்பிவைத்தேன். பட்டம் வாங்கியவள் நான். ஒரு நொடிகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மிஸ்ஸி ரொஹானா பத்து மணிக்குச் சரியாக வந்தார். தோளில் ஒரு பை, கையில் குழந்தையை எடை போடும் தராசு. தராசைப் பார்த்தபோதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் சேகர் டார்ச்சோடு முன்னால் போய்விட்டார்.

"மிஸ்ஸி, பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது" என்று மலாயில் சொல்லிப் பூச்சட்டிக்குள் வெளிச்சம் அடித்தார். பிறகு தண்ணீர்த் தொட்டி. பிறகு கழிவறை. சரசு அக்கா குளிர்பெட்டியைத் திறந்து கீரையைக் காட்டினார். மிஸ்ஸி மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தார். முகத்தில் குழப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மேசையில் தராசை வைத்து, அதன்மேல் சுத்தமான துணியை விரித்து, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"குழந்தை எங்கே?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.

"தூங்குறா" என்றார் சேகர்.

"குளிக்கிறா" என்றார் சரசு அக்கா.

"வெளியே போயிருக்கா" என்றேன் நான்.

மிஸ்ஸி என்னிடம் திரும்பினார். "இரண்டரை மாதக் குழந்தை வெளியே போயிருக்கிறாளா?"

அப்போதுதான் உறைத்தது. பிள்ளையைச் சரியாக வளர்க்கத் தெரியாதவள் என்று எழுதிவிடுவார்களோ என்று நான்கு நாள் தூங்காமல் இருந்தவள், அதற்குத் தேவையான ஒரே சாட்சியத்தை நானே தயாரித்து, சீட் பெல்ட் போட்டு அனுப்பிவைத்திருந்தேன்.

சேகர் கமலா ஆன்ட்டிக்குப் போன் அடித்தார். மணி பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து கேட்டது. அங்கிளின் போனை யாரும் எடுக்கவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். (அழகாக அல்ல. மூக்கு ஒழுகும் ரகம்.)

"எழுதிக்கோங்க மிஸ்ஸி" என்றேன். "ஆனா அவளை மட்டும் எங்கயும் ருஜுக் பண்ணிடாதீங்க."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "குழந்தை வரட்டும். அதுவரைக்கும் உங்களைப் பார்க்கிறேன்" என்று என் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். தூங்குகிறீர்களா? இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? யோசிக்க வேண்டியிருந்தது. காரணமில்லாமல் பயம் வருகிறதா?

"அதுக்கெல்லாம் நோட்டு வெச்சிருக்கா மிஸ்ஸி" என்றார் சேகர். நான் தடுப்பதற்குள் நோட்டை எடுத்து வந்து, தமிழில் இருந்ததை மலாயில் வாசித்தும் காட்டிவிட்டார்.

மிஸ்ஸி முதல் வரிக்கு உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது வரிக்கு முடியவில்லை. சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல்விட்டுச் சொன்னார். பந்தாவ் பண்ணுவது எடையை, அம்மாவை அல்ல. ருஜுக் என்றால் இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்த டாக்டரையும் ஒருமுறை பார்க்கச் சொல்வது, குழந்தை அம்மாவோடுதான் போகும். லவாத்தான் என்றால், கைக்குழந்தையோடு நீங்கள் கிளினிக்குக்கு அலைய வேண்டாம் என்று நான் அலைவது.

"வீட்டைப் பார்க்க எனக்கு நேரம் ஏது?" என்றார். "என் வீட்டையே நான் சரியாகப் பார்த்து எத்தனையோ நாளாகிறது."

நோட்டில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பத்தே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. கமலா ஆன்ட்டி ஒரு கையில் நிலாவும் மறு கையில் ஒரு பிளாஸ்டிக் பையுமாக இறங்கினார்.

"ஐயோ, மிஸ்ஸி இன்னும் போகலையா? கோலா சுங்கை பாரு வரைக்கும் போயிட்டோம்மா. மீன் இப்பத்தான் வந்து இறங்குது, பாத்துட்டு எப்படி விட்டுட்டு வர்றது? அங்கிள் வண்டியிலேயே பிள்ளைய பாத்துக்கிட்டாரு. அழவே இல்ல, தங்கம்!"

தங்கம் கும்மென்று தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தராசில் கிடத்தினோம். கண் விழித்தாள், மிஸ்ஸியைப் பார்த்துச் சிரித்தாள், விரித்திருந்த சுத்தமான துணியை நனைத்தாள். எடை நன்றாக ஏறியிருந்தது. மிஸ்ஸி இரண்டு வடை சாப்பிட்டார். மீன் என்ன விலை என்று ஆன்ட்டியிடம் விசாரித்தார். என்னை மறுநாள் கிளினிக்குக்கு வரச் சொன்னார். குழந்தைக்காக இல்லை, எனக்காக. போனேன். தூக்கத்தைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் அங்கே ஒரு டாக்டரோடு அரை மணி நேரம் பேசினேன். அதற்குப் பெயர்தான் ருஜுக் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்றும் வலிக்கவில்லை.

நிலாவின் சுகாதாரப் புத்தகத்தில், அடுத்த வருகைத் தேதிக்குப் பக்கத்தில், மிஸ்ஸியின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "குழந்தை வீட்டில் இருக்க வேண்டும்." இரண்டு முறை அடிக்கோடு. போன மாதம் பாலர் பள்ளியில் பதிவு செய்யும்போது அதைப் படித்த ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தீபாவளிக்குத் தீபாவளி சேகர் இந்தக் கதையைச் சொல்வார். சரசு அக்கா கீரையைச் சேர்ப்பார், கமலா ஆன்ட்டி மீனைச் சேர்ப்பார். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் நிலாவின் காதில் விழாது என்றுதான் நினைத்திருந்தோம்.

போன வாரம் அம்மா வருவதாகப் போன் செய்தார். நான் துடைப்பத்தை எடுத்தேன், சோபா உறைகளை உதறினேன். திரும்பிப் பார்த்தால் நிலா வாசலில் உட்கார்ந்து காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"கமலா பாட்டி வீட்டுக்கு" என்றாள். "ஆளுங்க போனதும் வந்து கூப்பிடுங்க."