எழுபத்திரண்டு நாள் மஞ்சள் காமாலை

கேளம்பாக்கம்,
வியாழக்கிழமை.

செங்கல்பட்டின் கைராசி மருத்துவரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான டாக்டர் கிருபாகரன் அவர்களுக்கு, அவருடைய அக்காள் புருஷன் பாலசுப்ரமணியன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன்னையும் குழந்தைகளையும் தவிர ஊரில் எல்லோருக்கும் லேசாக ஏதாவது இருந்து, உன் கிளினிக் வாசலில் செருப்பு நிறைந்து கிடக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். ‘அவர்களுக்கு’ என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே மாமாவுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று கண்டுபிடித்திருப்பாய். வாட்ஸ்அப்பில் கேட்காமல் தபாலில் கேட்பதற்குக் காரணம், என் போனை முதலில் உன் அக்காள் அமிர்தவல்லி படித்துவிட்டுத்தான் எனக்குத் தருவாள். விஷயம் இதுதான்: எனக்கு எழுபத்திரண்டு நாள் மஞ்சள் காமாலை இருந்ததாக ஒரு சான்றிதழ் வேண்டும். மஞ்சள் காமாலை அத்தனை நாள் தங்காது என்றால், தங்கக்கூடிய வேறு எதையாவது நீயே பார்த்துப் போடு. வியாதியைத் தேர்ந்தெடுப்பதில் நான் தலையிட மாட்டேன். பிரசவம் சம்பந்தப்பட்டதாக மட்டும் இருக்க வேண்டாம்.

எதற்கு என்று கேட்பாய். நான் இருபத்தேழு வருஷம் ஆபீஸ் ஸ்டோர்ஸில் வருகைப் பதிவேடு வைத்திருந்தவன் என்பது உனக்குத் தெரியும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. வேலைக்கு வரும் ரேணுகா எட்டு மணிக்கு வந்தாளா, எட்டு பன்னிரண்டுக்கு வந்தாளா என்று காலண்டருக்குப் பின்னால் குறித்துவைத்தேன். அதை அவள் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். “ரேணுகா மாதிரி ஆளு கிடைக்கறது கஷ்டம். நீங்க எங்கயாவது கிளம்புங்க,” என்று உன் அக்காள் சொல்லிவிட்டாள். அவளே விண்ணப்பம் வாங்கி, அவளே பூர்த்தி செய்து, சமுதாயக் கல்லூரியில் சுற்றுலா வழிகாட்டி டிப்ளமோவில் என்னைச் சேர்த்தாள். ஒரு வருஷப் படிப்பு, வயது வரம்பு கிடையாது. தேறினால் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை தருவார்கள். அட்டை இருந்தால் மாமல்லபுரத்தில் நாலு பேரை நிறுத்திவைத்துப் பேசலாம், காசு கொடுத்துவிட்டதால் அவர்கள் நடுவில் எழுந்து போக மாட்டார்கள். வீட்டில் அந்த வசதி எனக்கு இல்லை. தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உன் அக்காள் முடிவு செய்துவிட்டாள்: எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர் லாரிப் பொறுப்பு. நெம்மேலியில் கடலையே குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள், எங்களுக்கு மட்டும் லாரி. காலை ஐந்து மணிக்கு அந்த லாரிக்காரனுக்குப் போன் போட்டு அண்ணா அண்ணா என்று கெஞ்சும் வேலை. இதற்கு முன் அதைப் பார்த்தவர் இப்போது ரத்த அழுத்தத்துக்கு உன்னிடம்தான் வருகிறார்.

கல்லூரி என்றதும் தூண், மரம், மணி என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. முகூர்த்தம் வராமல் மூடிப்போன ஒரு கல்யாண மண்டபம். வகுப்பு நடப்பது சாப்பாட்டுக் கூடத்தில். பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு வாஷ்பேசின், ஒன்றில் தண்ணீர் வரும். ‘இலையை நீங்களே மடித்து வைக்கவும்’ என்ற போர்டு இன்னும் சுவரில் இருக்கிறது. அதை ஒட்டித்தான் மாணவர் ஒழுக்க விதிகள், மொத்தம் பதினொன்று. பதினொன்றையும் எழுதியவர் ஒரு மாணவரையாவது நேரில் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம். போனை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி. ஒப்படைக்கப் பெட்டி இல்லை, அதனால் மண்டபத்துக்காரர் விட்டுப்போன சாம்பார் வாளி. மகேந்திரவர்மன் குகையைக் குடையத் தொடங்கும்போது வாளிக்குள் யாராவது ஒருவனின் மாமியார் கூப்பிடுவாள், வாளி முழுவதும் அதிர்ந்து அரையடி நகரும். வீட்டுப்பாடம் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. ரோஹித் என்று ஒரு பையன், இதுவரை வகுப்புக்கு வந்ததே பதினோரு நாள். ஐந்து ரதங்களைப் பற்றி அவன் கைப்பட எழுதி வந்த கட்டுரை, ‘நிச்சயமாக, நீங்கள் கேட்ட கட்டுரை இதோ’ என்று ஆரம்பித்தது. கடைசி வரி, ‘இன்னும் சுருக்கமாக வேண்டுமா?’ போனில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதிய அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ‘வேண்டும்’ என்று சிவப்பு மையில் பதில் எழுதி மேடம் திருப்பிக் கொடுத்தார். நானும் கடற்கரைக் கோயிலைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதினேன். அதில் பதினோராம் பக்கத்தில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினேன் என்பதால் எனக்கும் அதே சிவப்பு மைதான்.

இந்த மேடத்தின் பெயர் ஹரிப்ரியா. கௌரவ விரிவுரையாளர், அதாவது கௌரவம் மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வரும். காலையில் உங்கள் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி இங்கே வருவதற்குள் தினமும் இருபது நிமிஷம் தாமதமாகிவிடும். முதல் நாள் நான் வெள்ளை அரைக்கைச் சட்டையும் பையில் பேனாவுமாக உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று குட் ஆஃப்டர்நூன் சார் என்றது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது கிருபா, உட்காருங்கள் என்று சொன்னேன். அதைக் கேள்விப்பட்ட மேடம் அன்றைக்கே, “சார், நான் வர்றதுக்குள்ள நீங்களே அட்டெண்டன்ஸ் எடுத்து வச்சிடுறீங்களா?” என்று பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு பதிவேடு என் கைக்கு வருகிறது. உடனே சிவப்புப் பேனா, நீலப் பேனா, மர ஸ்கேல் எல்லாம் வாங்கினேன். சுவரில் இருந்த பதினொரு விதிகளுக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒன்றை என் கையாலேயே எழுதினேன்: ‘பெயர் ஒரு முறைதான் அழைக்கப்படும்.’

இந்த ஜனங்களுக்கு ஒழுங்கு என்றால் வேப்பங்காய். தனகோடி என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர், கேளம்பாக்கத்தில் வண்டி ஓட்டிவிட்டு வருவார், ஒரு நாள் மூன்று நிமிஷம் தாமதம். ஆப்சென்ட் போட்டேன்.

“இன்னா சார், அதான் ஆளு வந்து முன்னாடி நிக்கறேனே.”

“எழுதினது எழுதினதுதான் தனகோடி. பதிவேட்டுல அடிச்சித் திருத்தக் கூடாது.”

“அப்ப நானு வர்ல. உன் முன்னால நின்னு பேசிகினு இருக்கறது யாரு?”

ஆராயி என்று ஓர் அம்மாள், கடற்கரைக் கோயில் பக்கம் இளநீர் விற்பவர். தெலுங்கிலும் இந்தியிலும் அவர் கல்வெட்டு சொல்வதைக் கேட்டு வழிகாட்டிகளே ஓரமாக நின்று குறிப்பெடுப்பார்கள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். தூங்கினால் வருகை இல்லை என்பது ஏழாம் விதி. போட்டேன்.

“கண்ண மூடிகினா ஆளு இல்லாம பூட்றனா சார்? நீ மத்தியானம் தூங்கசொல்ல வூட்ல உன்ன இல்லன்னு எழுதிக்கிறாங்களா?” என்று கேட்டார். இப்படிப்பட்டவர்களோடு என்ன பேசுவது.

இப்படியே தொண்ணூற்றாறு வகுப்பு. மழைக்கும் வந்தேன், பஸ் நின்ற அன்று தனகோடியின் ஆட்டோவிலேயே வந்தேன். வந்து அவருக்குத் தாமதம் போட்டேன். போன திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தேர்வு எழுதத் தகுதியில்லாதவர்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ரோஹித் இருந்தான், சந்தோஷமாக இருந்தது. அவனுக்கு மேலே, முதல் பெயராக, பாலசுப்ரமணியன், வருகை: பூஜ்யம்.

நீ சிரிப்பது செங்கல்பட்டிலிருந்து எனக்குக் கேட்கிறது. சிரி. ஸ்டோர்ஸில் வருகைப் பதிவேடு வைப்பவனின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது, அவனுடையது மேலதிகாரி அறையில் தனியாக இருக்கும். இருபத்தேழு வருஷம் அடுத்தவன் பெயரையே கூப்பிட்டுப் பழகிய நாக்கு, இங்கேயும் நாலாம் எண்ணில் இருந்த என் பெயரைத் தாண்டி ஐந்துக்குப் போயிருக்கிறது, தொண்ணூற்றாறு தடவை. கட்டங்கள் காலியாக இருந்தன, கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் காலி என்றால் வரவில்லை என்று ஏற்றிவிட்டாள்.

முதல்வரிடம் போனேன். பதிவேட்டில் திருத்தம் செய்யக் கூடாது என்பது நாலாம் விதி, அதைத் தனகோடிக்கு நான் சொன்ன அதே வார்த்தையில் எனக்குச் சொன்னார். மருத்துவச் சான்றிதழோ, தினமும் வந்ததற்குச் சாட்சியோ கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். மேடத்திடம் கேட்டேன். “நான் பார்த்தேன்னு சொன்னா, ரிஜிஸ்டர் ஏன் சார் ஸ்டூடெண்ட் கையில இருந்துச்சுன்னு கேப்பாங்க. என் வேலை போயிடும்,” என்று சொல்லி அழவே ஆரம்பித்துவிட்டார். மிச்சம் இருப்பவர்கள் அந்த இளநீரும் ஆட்டோவும். அவர்களிடம் போய் நான் வந்தேன் என்று சொல்லுங்கள் என்று கை கட்டி நிற்பதைவிட, லாரிக்காரன் காலில் விழலாம். முக்கால்வாசி வருகை போதும், தொண்ணூற்றாறில் எழுபத்திரண்டு. ஆகவேதான் உன் மஞ்சள் காமாலையை நம்பியிருக்கிறேன். உன் அக்காளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் பத்தியச் சாப்பாடு போட்டுவிடுவாள்.

உன் குழந்தைகள் நன்றாகப் படித்து, வருகைப் பதிவேடு இல்லாத உத்தியோகத்தில் அமர என் ஆசீர்வாதம். உன் மனைவி காயத்ரியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு, நோயாளியாக விரும்பும் உன் மாமா,
பாலசுப்ரமணியன்

பின்குறிப்பு (சனிக்கிழமை): தபால்தலை வாங்குவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. மேலே எழுதியதை மறந்துவிடு. நேற்று ஆராயியும் தனகோடியும், நான் கேட்காமலேயே, வகுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்ட ஒரு மனுவை முதல்வரிடம் கொடுத்துவிட்டார்கள். ‘இவர் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. ஒரு நாளாவது வராமல் இருந்திருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். பதிவேட்டை மேடம் இவருக்குக் கொடுக்கவில்லை, இவராகத்தான் பிடுங்கிக்கொண்டார்’ என்று அதில் இருந்தது. மேடத்தின் வேலை பிழைத்தது. பிடுங்கியது உண்மைதான் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். மாணவன் கைபட்ட பதிவேடு செல்லாது என்று முதல்வர் எல்லோருக்கும் ஒரேயடியாக எழுபத்தைந்து சதவீதம் போட்டுவிட்டார். தொண்ணூற்றாறு நாள் வந்த எனக்கும் எழுபத்தைந்து, பதினோரு நாள் வந்த ரோஹித்துக்கும் எழுபத்தைந்து. கடைசி வகுப்பு இன்று, அதற்கும் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஹால் டிக்கெட்.

இன்று மேடம் முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து, முதல் முறையாக அவரே பெயர் கூப்பிட்டார். நான் பழக்க தோஷத்தில் திரும்பி உட்கார்ந்து, யார் யார் இன்னும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ரோஹித்கூட வந்திருந்தான். பாலசுப்ரமணியன் என்று ஒரு பெயர் காதில் விழுந்தது, யாரும் பதில் சொல்லவில்லை. கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிப்பதற்குள் மேடம் ஐந்தாம் எண்ணுக்குப் போய்விட்டார். எழுந்து நின்று இருக்கிறேன் மேடம் என்றேன். தனகோடி சுவரைக் காட்டினார். “பன்னெண்டாவது ரூலு சார். உன் கையெழுத்துதான.”

ஆகவே கிருபா, எழுபத்திரண்டு நாள் வேண்டாம். இன்று ஒரு நாளுக்கு மட்டும், காது சம்பந்தமாக ஏதாவது போட்டு அனுப்பு.