கப்பல் மார்க்கும் கிளி மார்க்கும் பெரியண்ணக் கவுண்டர் வீட்டுத் தரையும்

முள்ளுக்குறிச்சியிலிருந்து மேலே ஏறும் ஒத்தையடிப் பாதையைக் கழுதை போகிற அளவுக்கு அகலமாக்கியவன் நான். எங்கள் ஊரில் முதல் ஓட்டு வீடு என்னுடையது. ஓடு மேலே வந்து சேர்வதற்குள் பாதி உடைந்துவிடும், புல்லுக் கூரைக்கு என்ன கேடு என்று சிரித்தவர்கள் எல்லாம் பிற்பாடு அடைமழைக்கு என் வீட்டில்தான் ஒதுங்கினார்கள். மிளகைத் தராசில் போட்டு வாங்கு என்று கீழ்நாட்டு வியாபாரியிடம் சொன்ன முதல் வாய் என் வாய். அதுவரை அவன் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதான் இருக்கும்" என்பான். நாங்களும் தலையை ஆட்டுவோம். பள்ளிக்கூடம் கட்ட இடம் இல்லை என்றபோது என் மரவள்ளிக் காட்டில் ஒரு மூலையை விட்டுக் கொடுத்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. காய்ச்சலென்று ஊருக்குப் போன வாத்தியார் திரும்பி வரவேயில்லை. (அதற்கு நான் காரணம் இல்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.)

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனிமேல் சொல்லப்போகிற ஆள் வேறு ஆள் மாதிரி இருப்பான். அவனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. மீசையோடு சேர்ந்து வாயும் முளைத்திருந்தது.

வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலம் அது. எங்கள் ஊருக்கு மேல்புறம் ஒரு காப்பித் தோட்டம். தோட்டத்தின் நடுவில் துரையின் பங்களா. பங்களாவுக்கு வேண்டிய உப்பு, சீமைச் சாராயம், பீங்கான் தட்டு எல்லாம் அடிவாரத்திலிருந்து எங்கள் தலைமேல் ஏறித்தான் வரும். சுமைக்காரர்களுக்கு நான்தான் தலைவன். தலைவன் என்று யாரும் என்னை நியமிக்கவில்லை. எல்லோரையும் விட நான் அதிகமாகப் பேசியதால் அப்படி ஆகிவிட்டது.

துரைசாணிக்குத் தும்மல் வியாதி. எங்கள் செம்மண் தூசி ஆகவில்லையாம். பங்களாவில் விரித்திருந்த கம்பளங்களைத் தட்டினால் தும்மல், தட்டாவிட்டாலும் தும்மல். தூசியைத் தட்டாமல் உறிஞ்சி எடுக்கிற மிஷின் சீமையில் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டுத் துரை ஆள் அனுப்ப, சேலத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு ஏஜெண்டுகள் வந்து முள்ளுக்குறிச்சியில் இறங்கினார்கள். ஒருத்தர் கொண்டுவந்தது கப்பல் மார்க். இன்னொருத்தர் கொண்டுவந்தது கிளி மார்க். உலகத்திலேயே இந்த இரண்டுதான் பெரிய கம்பெனிகள் என்று இருவரும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

இப்போது மாதிரி சுவிட்சைப் போட்டால் உறுமுகிற சமாச்சாரம் அல்ல. மலையில் அப்போது கரண்டு ஏது? இரண்டும் கையால் இயக்குகிற மிஷின்கள். கப்பல் மார்க் ஒரு மரப்பெட்டி. மேலே கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஒன்று. ஒரு ஆள் பிடியை ஆட்ட வேண்டும், இன்னொரு ஆள் குழாயைப் பிடித்துத் தரையில் காட்ட வேண்டும். கிளி மார்க், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு ஆள் உயரம் வளர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. இழுத்தால் உறிஞ்சும், தள்ளினால் மூச்சு விடும். ஒரே ஆள் போதும்.

ஏறும்போதே சண்டை.

"கிளி மார்க்குக்கு ஒரு வேலைக்காரி போதுமய்யா" என்றார் கிளிக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வாங்கின மறுநாளே அந்த வேலைக்காரிக்குத் தோள்பட்டை இறங்கிடும்" என்றார் கப்பல்காரர், பாறையில் உட்கார்ந்துகொண்டு.

"உம்ம பெட்டியைத் தூக்கவே நாலு பேர் வேணுமே!"

"கனம் இருந்தாத்தானய்யா சரக்கு!"

பெட்டியைச் சுமந்த எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்திருக்கும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு ஏஜெண்டுகளுக்கும் கால் வீங்கிவிட்டது. அவுட்ஹவுஸில் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிட்டார்கள். துரையும் துரைசாணியும் வைத்தியரைப் பார்க்கக் கீழே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டும் போட்டுப் பாரு. வீட்டுக்கு எது நல்லதுன்னு நான் வந்ததும் சொல்லு" என்று பட்லரிடம் துரைசாணி சொல்லிவிட்டுப் போனாள். பட்லர் மதுரைப் பக்கத்து ஆள். தரையைத் தொடுவது தன் உத்தியோகத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர். என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டா சடையா, மிஷினெல்லாம் தெரியும்னு பீத்திக்குவியே. நீயே பார்த்துச் சொல்லு."

எனக்கு மிஷின் தெரியும் என்பது உண்மை. ராசிபுரத்தில் ஒரு அரிசி மில்லை வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் பூங்காயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியண்ணக் கவுண்டரின் மகள். அவளைத்தான் கட்டுவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன், அவளிடம் தவிர. அவளுடைய தாய்மாமனுக்கு ஒரு மகன். ஏரும் மாடும் உள்ளவன், முறையும் உள்ளவன். எனக்கு இருந்தது தலையில் சும்மாடு மட்டும். "மூட்டை தூக்கறவனுக்கு என்னத்தை நம்பிப்பா பொண்ணு குடுக்கறது?" என்று கவுண்டர் கேட்டிருந்தார். மறுநாள் தாய்மாமன் வருகிறார், அன்றைக்குப் பேச்சை முடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தகவல். அன்றைக்கு நான் ஏதாவது செய்து காட்டாவிட்டால் பூங்காயி மாட்டுக்காரன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆகவே யோசித்தேன். (யோசித்ததுதான் தப்பு.) துரைசாணி கேட்டது வீட்டுக்கு எது நல்லது என்று. பங்களா ஒரு வீடா? அடுப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், கோழி இல்லை, குதிர் இல்லை. வீட்டுக்கான மிஷினை வீட்டில்தானே பார்க்க வேண்டும்? பட்லரிடம் சொன்னேன். "எங்கயோ கொண்டுபோய்த் தொலை, தூசி இங்க வராம இருந்தாச் சரி" என்றார்.

மறுநாள் காலையில் சுமைக்காரர்கள் தூக்கிவந்த இரண்டு மிஷின்களோடும் பெரியண்ணக் கவுண்டர் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே தாய்மாமன், அவர் மகன், உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவீட்டில் விதைக் கூடை. பெண் பேச்சு நடக்கும்போது அடுத்த வெள்ளாமைக்கான சாமை விதையை நடுவில் வைத்துப் பேசுவது அந்த வீட்டு வழக்கம். பூச்சி அண்டாமலிருக்க அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பிசறி வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க மாமா, தொரசாணியம்மா எங்கிட்ட ஒரு பெரிய பொறுப்பு ஒப்படைச்சிருக்கறாங்க" என்று ஆரம்பித்தேன்.

"இதென்னப்பா, பொணப்பெட்டியாட்டம்?" என்றார் தாய்மாமன்.

"தூசி உறிஞ்சற மிஷினுங்க. சீமைச் சரக்கு."

கவுண்டருக்கு ஆசை வந்துவிட்டது. கப்பல் மார்க்கின் பிடியைத் தானே ஆட்டுவதாகச் சொன்னார். நான் குழாயைப் பிடித்தேன். முந்தின நாள்தான் சாணி போட்டு மெழுகிய தரை, கண்ணாடி மாதிரி இருந்தது. கவுண்டர் ஆட்டினார். குழாய் தரையைக் கவ்வியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வடை மாதிரி ஒரு வட்டம் பெயர்ந்து, சளக்கென்று உள்ளே போனது. தரையில் அந்த அளவுக்குக் குழி.

"பார்த்தீங்களா மாமா சத்தியை!" என்றேன்.

"தூசியை எடுக்கும்னே, தரையை எடுக்குது?"

"தரைக்கு அடியிலதான் மாமா தூசி இருக்குது."

இந்தப் பதில் அப்போது எனக்கு நன்றாக இருந்த மாதிரி தோன்றியது. கவுண்டரும் உற்சாகமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அடுக்களை வரைக்கும் வரிசையாகக் குழி விழுந்தது. பூங்காயியின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாட்டுக்காரன் வாயை மூடிக்கொண்டு குலுங்கினான்.

தாய்மாமன் எழுந்தார். "ஏண்டா சடையா, நெலத்தை ஏர் உழுவும், இதுக்கு மிஷின் எதுக்கு? நெசமாலுமே தூசி எடுக்கும்னா, இந்த வெதையில இருக்கற சாம்பலை எடுத்துக் காட்டு. சாமை அசையக் கூடாது."

புத்தியுள்ளவன் அங்கேயே கும்பிட்டுவிட்டு வெளியேறியிருப்பான். நான் வேறு கணக்குப் போட்டேன். எங்களுக்குக் காற்று என்றால் களத்தில் தூற்றுகிற காற்றுதான். பதரை அந்தப் பக்கம் தள்ளும், மணியை இந்தப் பக்கம் போடும். எது கனம் எது லேசு என்று காற்றுக்குத் தெரியும். மிஷினுக்குள் இருப்பதும் காற்றுதானே? மலைக்காற்றுக்குத் தெரிந்தது சீமைக்காற்றுக்குத் தெரியாதா?

கிளி மார்க்கை எடுத்துக் கூடையில் வைத்து இழுத்தேன். சாம்பல் போயிற்று. சாமையும் போயிற்று. கூடையில் பள்ளம். திரும்பக் கொட்டிவிடலாம் என்று தள்ளினேன். அது மூச்சு விடும் என்று சொன்னேனே, தாய்மாமனின் முகத்தில் விட்டது. பிறகு இழுக்கவும் வரவில்லை, தள்ளவும் வரவில்லை.

"கிளி மார்க்கு சரியில்லீங்க. கப்பல் மார்க்கைப் பார்க்கலாமுங்க" என்றேன். ஒப்பீடு என்றால் இரண்டையும் பார்க்க வேண்டாமா?

கவுண்டர் விதை போன ஆத்திரத்தில் கப்பல் மார்க்கின் பிடியை மூன்று ஆள் பலத்தோடு ஆட்டினார். மிச்சக் கூடையும் காலி. பெட்டிக்குள் தூசி சேர்வதற்கென்று இருந்த பை ஏற்கெனவே பாதித் தரையைத் தின்றிருந்தது. இப்போது விதையும் சாம்பலும் சேர, பெட்டி பக்கவாட்டில் விம்மியது. "போதுங்க மாமா" என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. பை வெடித்தது.

ஒற்றை வாசல் உள்ள புல்லு வீடு. ஜன்னல் கிடையாது. சாம்பல் போவதற்கு வழி இல்லாமல் எங்கள் மேலேயே உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு யார் யாரென்றே தெரியவில்லை. எல்லோரும் திருநீறு பூசிக்கொண்ட சாமியார்கள் மாதிரி உட்கார்ந்து தும்மினோம். துரைசாணியின் வியாதி என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தும்மல் ஓய்ந்ததும் அடுக்களைப் பக்கமிருந்து ஒரு குரல். பூங்காயி என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏனுங்க, எந்த மார்க்குங்க ஜெயிச்சுது?"

யாரும் சிரிக்கவில்லை. விதை போய்விட்டால் அடுத்த வருஷம் அந்த வீட்டில் சோறு இல்லை. வாசலில் கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவள்தான் கத்தினாள். "மாமா, கோழியை முடுக்குங்க! அம்மா, மொறத்தை எடு! அல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க, மிதிக்காதீங்க!" சீமாற்றை எடுத்துச் சுவரோரத்திலிருந்து வாரிக்கொண்டு வந்தாள். குழிகளுக்குள் விழுந்ததை விரலால் கிளறினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறத்தோடு வந்து புடைத்தார்கள், கொழித்தார்கள். நான் உதவி செய்யப் போனேன். "நீங்க ஒண்ணையும் தொடாதீங்க, அதுவே பெரிய ஒத்தாசை" என்றாள். பொழுது சாய்வதற்குள் விதை அநேகமாகக் கூடைக்குத் திரும்பிவிட்டது. சாம்பலும் கொஞ்சம் சாணியும் கூடவே.

கவுண்டர் என்னைப் பார்த்தார். "பொண்ணுப் பேச்சு கெடக்கட்டும். மொதல்ல தரையை மெழுகிக் குடு."

எங்கள் பக்கம் ஆம்பளை தரை மெழுகுவது கிடையாது. இருந்தாலும் சாணி சுமந்து வந்து, முழங்கால் போட்டு, அத்தனை உறவுக்காரர்களுக்கும் முன்னால் மெழுகினேன். மாட்டுக்காரன் வாசற்படியில் சாய்ந்து நின்று, "அந்த மூலை உட்டுப்போச்சு சடையா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். என் மீசையில் சாணி. நான் பதில் பேசவில்லை. என் ஆயுசில் நான் பதில் பேசாமல் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

தாய்மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார். அதற்குள் பூங்காயி அவள் அப்பனிடம் சொல்லிவிட்டாள். "அப்பா, இவரே இருக்கட்டும். சொன்னா மெழுகறாரு. அவரு நின்னுக்கிட்டுச் சிரிக்கறாரு."

தாய்மாமன் சாம்பல் முகத்தோடே எழுந்து போனார். மகனும் பின்னாலேயே போனான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் போனான், ஆனால் சத்தம் குறைந்திருந்தது.

துரைசாணி திரும்பி வந்ததும் என்னைப் பங்களா வராந்தாவில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் கப்பல்காரர், ஒரு பக்கம் கிளிக்காரர், நடுவில் கிழிந்த பையைப் பிடித்துக்கொண்டு பட்லர். ஏஜெண்டுகள் ஆளுக்கு ஒரு கண்ணால் என்னை மிரட்டினார்கள்.

"எது நல்லது?" என்றாள் துரைசாணி.

"அம்மா, கப்பல் மார்க்கு தரையை உறிஞ்சுதுங்க. கிளி மார்க்கு வெதையை உறிஞ்சுதுங்க. தூசியை ரெண்டும் பெருந்தன்மையா எங்க மேலயே விட்டுருச்சுங்க."

பட்லர் கண்ணை மூடிக்கொண்டார். துரைசாணி சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு தும்மலில் போய் முடிந்தது. "அப்புறம் எதால சுத்தம் பண்ணினே?" என்று கேட்டாள். சீமாறு என்றேன். கொண்டுவந்து காட்டச் சொன்னாள். பூங்காயி கட்டிய மலைப்புல் சீமாற்றைக் காட்டினேன். அன்றிலிருந்து அந்தப் பங்களாவுக்கும், பிறகு மற்றத் தோட்டத்துப் பங்களாக்களுக்கும் சீமாறு எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று. மிஷின்கள் இரண்டும் எங்கள் தலைமேலேயே இறங்கின. ஏஜெண்டுகள் இறங்கும்போதும் சண்டை போட்டார்கள். இந்தத் தடவை, வெடித்தது யாருடையது என்று.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்து நாலு பேர் உட்கார்ந்தால் பூங்காயி இந்தக் கதையை எடுத்துவிடுவாள். அவள் கதையில் கோழியை விரட்டினது அவள், விதையை மீட்டது அவள், சீமாறு விற்றது அவள், மாப்பிள்ளையைப் பொறுக்கினதும் அவள். நான் ஒரு ஓரமாகத் தும்மிக்கொண்டு நிற்பேன். பேரப்பிள்ளைகளிடம் நான் ஓட்டு வீடு கட்டினதைப் பற்றி ஒரு வார்த்தை ஆரம்பித்தால் போதும், "ஏனுங்க அப்புச்சி, எந்த மார்க்குங்க ஜெயிச்சுது?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். மருமகன்கள் வாயில் துண்டை வைத்துக்கொள்கிறார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பை வெடிக்காமல் இருந்திருந்தால் பேச்சு மாட்டுக்காரன் பக்கம் முடிந்திருக்கும், பூங்காயி அந்த வீட்டில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பாள், சிரிக்கிற இந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூடப் பிறந்திருக்காது. வெடிக்கிற அளவுக்குப் பையை நிரப்பியது யார்? பெருக்குவதற்கு அவளுக்கு ஒரு வேலை வைத்தது யார்? அத்தனை பேர் முன்னால் முழங்கால் போட்டு அந்தத் தரையை மெழுகியது யார்? நான். இனிமேல் இந்த வீட்டில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் சரி, முதலில் என் பேரைச் சொல்லிவிட்டுப் பிறகு சீமாற்றுக்கு வரட்டும்.