தண்ணீருக்குப் போட்ட கொசுறு

எதையும் அளவாகக் கொடுத்தால் எனக்குக் கை கூசும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகு மூட்டை தூக்கியவன் நான். இன்று என் லோடு இறங்காமல் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரம் நடக்காது என்றால் இந்தக் கைதான் காரணம். தராசு நேராக நின்ற பிறகும் ஒரு கைப்பிடி அள்ளிப் போடும். (வேதியியல் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று யாரும் சொல்லித் தரவில்லை.)

மகள் வயிற்றுப் பேத்தி கயல், அப்போது பிளஸ் ஒன். பள்ளிக் கண்காட்சிக்கு மூலக்கூறு மாதிரிகள் செய்திருந்தாள். எலுமிச்சம்பழம் ஆக்சிஜன், காப்பிப்பழம் ஹைட்ரஜன், இணைக்க ஈர்க்குச்சி. முதலிடம் வந்தால் மாவட்டப் போட்டிக்கு நாமக்கல் போகலாம் என்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை. அன்று காலை பஸ்ஸில் முன்னால் போனவள், மாதிரிகளை அடுக்கிய தட்டை என் ஜீப்பில் கொண்டுவரச் சொன்னாள்.

"எதையும் தொடாம கொண்டாங்க அப்புச்சி."

ஏற்றும்போது பார்த்தேன். 'நீர்' என்ற அட்டைக்குப் பின்னால் ஒற்றை எலுமிச்சை, அதில் இரண்டு காப்பிப்பழம். என் பேத்திக்கு இவ்வளவு சிக்கனமா? ஒரு காப்பிப்பழத்தைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஜீப்பில் கிடந்த இன்னொரு எலுமிச்சையைச் செருகி, பழத்தை அதன் மறுபக்கம் குத்தினேன். ஆளுக்கு ஒன்று. பார்க்க எடுப்பாக இருந்தது.

பள்ளி மண்டபத்தில் நான் தட்டை வைத்ததும் நடுவராக வந்திருந்த டீச்சர் குனிந்தார்.

"ஏங்கண்ணு, இது தண்ணியா?"

"ஆமாங்க மேடம்."

"நீ குடிப்பியா?"

அப்போதுதான் கயல் பார்த்தாள். முகம் காப்பிப்பழமாகச் சிவந்தது.

"மாட்டேனுங்க. இது ஹைட்ரஜன் பெராக்சைடுங்க. புண்ணு கழுவறது. முடியில பட்டா வெளுத்துரும்."

நான் வாயை மூடியிருக்கலாம். மீசையைத் தடவிக்கொண்டு, "நான் போட்ட கொசுறுங்க மேடம். நம்ம ஊட்டுச் சரக்கு குறைச்சலா போகாதுங்க," என்றேன். மண்டபமே சிரித்தது. (பாராட்டுகிறார்கள் என்று நானும் சிரித்தேன்.)

கயல் ஒரு எலுமிச்சையை உருவி என் கையில் வைத்தாள். "ஆக்சிஜனுக்கு ரெண்டு கைதானுங்க அப்புச்சி. ரெண்டுலயும் ஹைட்ரஜன் புடிச்சிருந்தாத்தான் தண்ணி. கூட ஒரு ஆக்சிஜன் சேர்ந்தா பேரும் மாறும், குணமும் மாறும்."

விளக்கத்துக்கு மார்க் வந்தது, மாதிரிக்குப் போனது. இரண்டாமிடம். நாமக்கல்லுக்கு வேறொரு பெண் போனாள்.

வீடு வந்ததும் கயல் என் தலையையே பார்த்தாள்.

"ஏனுங்க அப்புச்சி, முடி எப்ப நரைச்சுது?"

"வயசாயிருச்சில்ல சாமி."

"அதில்லீங்க. நீங்க தண்ணியிலயும் கொசுறு போட்டுத்தான் குடிச்சிருக்கீங்க."

இப்போது அவள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். வீட்டில் நான் தண்ணீர் கேட்டால், மகள் என் நரையைப் பார்த்துக்கொண்டே செம்பை நீட்டுவாள்.

"குடிங்கப்பா. கொசுறு போடலீங்க."