பேனருக்கும் லிங்க்குக்கும் நடுவே ஒரு யானை

"ஒருத்தன்கூடத் தொடலடா! இவ்வளவு பெரிய பேனர் போட்டும் ஒருத்தன்கூடத் தொடல!"

சூப்பர்வைசர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாலும் அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானுக்குத்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. விளம்பரப் படம் வரைவது அவன் தொழில். அந்தப் பேனரும் அவன் கைவண்ணம்தான். வெள்ளை மெத்தையில் ஓர் அழகி, தலைக்கு மேல் நிலா, காலடியில் 'இங்கே அமுக்கினால் நிம்மதி' என்று பொன்னெழுத்து.

"பாத்தா அமுக்கணும்னு தோணலையா மாமா?"

"பாத்தா கொட்டாவி வருதுடா. அப்புறம் எங்க அமுக்கறது?"

சூப்பர்வைசர் இப்போது சூப்பர்வைசர் இல்லை. நூல் மில்லில் பாதி ஆயுளைக் கழித்தவர். மில்லை மூடிய பிறகு வீட்டுக்கு வந்தால், வீட்டின் அமைதியில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. தூக்கத்தைத் தேடி மெத்தை, தலையணை, கண்பட்டை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர், கடைசியில் அதைப் பற்றியே ஓர் இணையதளம் ஆரம்பித்துவிட்டார். படிக்கிறவர்கள் அந்தத் தளத்தின் வழியாகப் போய்க் கடையில் எதையாவது வாங்கினால் கடைக்காரர் கமிஷன் தருவார். இதுவரை தந்ததில்லை. யாரும் வாங்கியதில்லை.

தளத்துக்காக அவர் வீட்டில் ஓர் அறையையே பிடித்துக்கொண்டார். அதனால் அங்கே இருந்த மனைவியின் தையல் மிஷின் சமையலறை வாசலுக்குக் குடிபெயர்ந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்" என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். "அதுக்குள்ள நல்லா வித்துக் காட்டுங்க, ரூம் உங்களுக்கு. இல்லேன்னா கம்ப்யூட்டர் பரணுக்கு, மிஷின் ரூமுக்கு. நேத்து உங்க தட்டுல கிடந்தது மிளகு இல்லீங்க, பட்டன்."

"நான் மென்னுட்டேனே!"

"அதான் சொல்றேன்."

மச்சான் பேனரைப் பெரிதாக்கினான். அது கட்டுரையை மறைத்தது. மினுக்க வைத்தான். 'தூங்க வழி தேடி வந்தேன், இருந்த தூக்கமும் போச்சு' என்று ஒரு வாசகர் எழுதினார். பிறகு பக்கத்தை எங்கே நகர்த்தினாலும் பின்னாலேயே வருகிற ஒரு பேனரைச் செய்தான். அன்றைக்கு அமுக்கல்கள் குவிந்தன. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

மனைவி போனும் கையுமாக வந்தாள். "தம்பி, இதை எப்படிடா மூடறது? காலையிலேர்ந்து அமுக்கறேன். தொடப்போனா ஓடுது."

குதித்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"பேனரே வேணாம்டா" என்றார் சூப்பர்வைசர். "பேச்சோட பேச்சா, வரிக்கு நடுவுல சாதுவா ஒரு லிங்க். படிக்கிறவன் நம்பி அமுக்குவான்."

"நீலக் கலர்ல கோடு போட்ட நாலு எழுத்தை எவன் மாமா பாப்பான்? என் தொழிலையே கேவலப்படுத்தறீங்க!"

"உன் தொழில் ஓடுதுடா! பிடிக்க முடியல!"

வாக்குவாதம் அறையில் ஆரம்பித்து, பால்கனிக்குப் போய், மாடிப்படி வரை இறங்கித் திரும்பி வந்தது. கடைசியில் போட்டி என்று முடிவாயிற்று. பாதிப் பக்கங்களில் பேனர் மட்டும், பாதியில் லிங்க் மட்டும். எது விற்கிறதோ அதுவே ராஜா. மெத்தை, தலையணை, போர்வை என்று நல்ல நல்ல பக்கங்களை எல்லாம் மச்சான் எடுத்துக்கொண்டான். காதை அடைத்துக்கொள்ளும் இயர் பிளக், சத்தம் குறைக்கும் ஹெட்போன், தடித்த ஜன்னல் திரை என்ற மூன்றைத் தள்ளிவிட்டு, "இதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க மாமா, பாவம்" என்றான்.

சூப்பர்வைசர் தன் லிங்க்குகளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். குடியிருப்பின் போன் குழுவிலும் போட்டார். அங்கே படம் போடச் செயலாளர் தடை விதித்திருந்ததால் பேனருக்கு இடமில்லை. அது அநியாயம் என்று மச்சான் கத்த, அதுதான் நியாயம் என்று இவர் கத்த, அந்தப் பொழுதும் நன்றாகவே போயிற்று.

மறுநாள் முதல் விற்பனை விழுந்தது. ஒரு ஜோடி இயர் பிளக், லிங்க் வழியாக!

சூப்பர்வைசர் போட்ட கூச்சலில் மனைவி ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். ஆனாலும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "நிஜமாவா? யாரோ வாங்கிட்டாங்களா?"

"நிஜமாம்மா! முகம் தெரியாத ஒரு மனுஷன் என் எழுத்தை நம்பி வாங்கியிருக்கான்!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணு தற்செயல்" என்றான் மச்சான். "கணக்கு எழுதிப் பாத்தாத்தான் தெரியும்."

கணக்கு எழுதப் பெரிய பலகை வாங்கினார்கள். அதைச் சுவரில் மாட்டத் துளை போட்டார்கள். முதல் துளை கோணல், இரண்டாவதில் ஆணி நிற்கவில்லை. மூன்றாவதைப் போட்டு முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. பலகை நேராக நின்றபோது மேலும் மூன்று பேர் இயர் பிளக் வாங்கியிருந்தார்கள்.

"விற்பனை விழுந்ததும் தெரியற மாதிரி ஒரு சத்தம் வைடா" என்றார் சூப்பர்வைசர்.

"மணி அடிச்சா உங்க காதுல விழாது மாமா. மில்லு பண்ண வேலை. யானை வச்சிடறேன்."

அன்று முதல் ஒரு விற்பனைக்கு ஒரு பிளிறல். யானை பிளிறும், சூப்பர்வைசர் "லிங்க்கு!" என்று முழங்குவார், மச்சான் "பேனரும் வரும் பாருங்க!" என்று எதிர்முழக்கம் செய்வான். முழங்கி முடிப்பதற்குள் யானை மறுபடி பிளிறும். பேனர் பக்கம் மட்டும் ஒரு தலையணை உறைகூட நகரவில்லை.

இரண்டாவது வாரம் ஜனங்கள் இயர் பிளக்கிலிருந்து ஹெட்போனுக்கு மாறினார்கள். மூன்றாவது வாரம் ஜன்னல் திரை போக ஆரம்பித்தது, அதிலும் விலை கூடிய தடித்த ரகம்.

"பாத்தியா? முதல்ல சின்னதா வாங்கிப் பாக்கறான், நம்பிக்கை வந்ததும் பெருசுக்கு வர்றான். இதுக்குப் பேருதான் வாடிக்கையாளர் உறவு" என்று மச்சானுக்கு வகுப்பெடுத்தார்.

மச்சான் விடவில்லை. பேனரில் அழகியை எழுப்பி உட்கார வைத்துப் பார்த்தான். நிலாவை எடுத்துவிட்டுச் சூரியனை வைத்தான். ஒன்றும் பலிக்கவில்லை. "ஒத்துக்கறேன் மாமா, லிங்க்தான். நான் படிச்ச படிப்பே வேஸ்ட்" என்றபோது சூப்பர்வைசருக்கே பாவமாக இருந்தது. அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஒரே ஒரு குறை. முன்பெல்லாம் மாடிப்படியில் பார்த்தால் நின்று பேசும் கீழ்வீட்டு டீச்சர், இப்போது எவ்வளவு விசாரித்தாலும் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரரும் அப்படியே.

"பொறாமை" என்றார் சூப்பர்வைசர். "நாம முன்னுக்கு வர்றது பிடிக்கல."

மாசக் கடைசியில் மனைவி பலகையை மேலிருந்து கீழே பார்த்தாள். "சொன்ன சொல் சொன்னதுதான். ரூம் உங்களுக்கே."

சூப்பர்வைசர் நெஞ்சை நிமிர்த்தினார். "ரூமை நீயே எடுத்துக்கம்மா! மிஷினை உள்ள போடு. நான் ஆபீசை ஊருக்கு வெளியே ஒரு தனி வீட்டுக்கு மாத்திடறேன். வீட்டைப் பாத்து, பேசி முடிச்சாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் அட்வான்ஸ்."

மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பியும் அக்காவுமாக மிஷினைத் தூக்கி அறைக்குள் வைத்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. மனைவி கத்திச் சொல்ல, சூப்பர்வைசர் போய்க் கதவைத் திறந்தார். மனைவி கேட்டிருந்த நூல்கண்டுப் பெட்டியோடு கூரியர்காரர் நின்றார். அவரிடம் இருந்த பெரிய பையில் கீழ்வீடுகளுக்கும் மேல்வீடுகளுக்குமாக இன்னும் ஏகப்பட்ட பெட்டிகள்.

பெட்டியை வாங்கக் கை நீட்டியபோது உள்ளே யானை பிளிறியது.

"லிங்க்கு!" என்று வாசலிலேயே முழங்கினார் சூப்பர்வைசர். கூரியர்காரர் ஓர் அடி பின்னால் போய், அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பயப்படாதீங்க தம்பி, வியாபாரம்! அடுத்த மாசத்துலேர்ந்து என்னை இங்க பாக்க முடியாது. ஊருக்கு வெளியே தனி வீடு. சுத்தி ஒரு ஈ காக்கா கிடையாது!"

கூரியர்காரரின் முகம் வாடிவிட்டது.

"போயிடாதீங்க சார், என் பொழப்பே உங்களாலதான் ஓடுது! இந்தக் கட்டடத்துல மட்டும் வீட்டுக்கு வீடு இயர் பிளக்கு, ஹெட்போனு, தடிச்ச திரைன்னு கொண்டாந்து போடறனே, என்ன சங்கதின்னு கீழ்வீட்டு டீச்சர்கிட்ட எழுதிக் காட்டிக் கேட்டேன், 'மேல ஒருத்தர் யானையை வச்சுக்கிட்டு பேனரா லிங்க்கான்னு நாள் பூரா கத்தறாரே, உங்களுக்குத் தெரியாதா'ன்னாங்க!"